மலையில் தோட்டம் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது எப்படி

"இந்தப் பக்கம் பெர்மாகல்ச்சர் செய்யிற ஆட்கள் யாராவது இருக்காங்களா அக்கா?" என்று அடிக்கடி போன் வரும். கேட்கிறவர்களில் பாதிப்பேர் கொழும்பில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளவட்டங்கள். மீதிப்பேர் ஏழு பேர்ச் நிலத்தில் புது வீடு கிடைத்து, சுற்றியுள்ள மண்ணில் என்ன செய்யலாம் என்று யோசிக்கிற தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள் என்றுதான் முதலில் சொல்வேன். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல், இயற்கையின் போக்கைப் பார்த்து, நீடித்து நிற்கும்படி பல பயிர்களைக் கலந்து தோட்டம் அமைக்கிற முறைக்கு 1970களில் அவுஸ்திரேலியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹொல்ம்கிரனும் வைத்த பெயர் அது. எங்கள் மலையில் அந்த மாதிரி வேலை செய்கிற கிழவருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கீரை வளர்க்கிற அம்மாவுக்கும் அது தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஆளைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள்.

நான் இருப்பது இலங்கை மலைநாட்டில் ஊவாப் பக்கம், ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில். பகலில் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கிற இடம்) வேலை. பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும், அப்பா வாங்கி வைத்த அரை ஏக்கர் பழைய தேயிலைக் காணியில். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த உயரத்துக்கும் இந்த மழைக்கும் உரியது. வேறு இடத்தில் இருப்பவர்கள் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மழை விட்டதும் வெளியே போங்கள்

நல்ல தோட்டக்காரரைக் கண்டுபிடிக்க ஐப்பசி, கார்த்திகை மழைதான் நல்ல நேரம். அடித்துப் பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்துக்குள் குடையை எடுத்துக்கொண்டு பாதையோரம் நடந்து பாருங்கள். ஒவ்வொரு காணியிலிருந்தும் தண்ணீர் இறங்கி ரோட்டுக் கானில் (வடிகாலில்) விழும். அதன் நிறத்தைப் பாருங்கள். சாயத்தண்ணி மாதிரிச் சிவந்து வந்தால், மேலே பாத்தி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக ஓடுகிறது, அறுவடை முடிந்த கரட் நிலம் அம்மணமாகக் கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு காணியிலிருந்து மட்டும் கொஞ்சம் தெளிவாக வந்தால் அங்கே நில்லுங்கள். மேலே நிமிர்ந்து பார்த்தால் ஏதோ ஒன்று இருக்கும்: சரிவுக்குக் குறுக்கே மானாப்புல் வரிசை, வெட்டி வெட்டி விட்ட கிளிரிசிடியா வேலி, போஞ்சிக் கம்புக்கடியில் படர்ந்த பூசணி. அந்த வீட்டுக்காரரைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

நான் அப்படிக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர். அவருடைய மிளகாய்ப் பாத்திக்கு மேலே ஒரு கான் போகிறது. பார்த்தால் சாதாரணக் கான். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் உள்ளே நாலெட்டுக்கு ஒரு இடத்தில் மண்ணை வெட்டாமல் அணை மாதிரி விட்டிருப்பது தெரியும். அந்த அணை கானின் வாயைவிடத் தாழ்வு. தண்ணீர் வந்து தேங்கும், வண்டல் அடியில் படியும், தெளிந்த நீர் அணைக்கு மேலால் வழிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும். வாட்டம் பிடிக்க, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூப் மட்டும்தான் அவரிடம். வண்டலை வருடத்தில் இரண்டு தடவை அள்ளி மிளகாய்க்கே போடுகிறார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தேயிலை மலைகளில் வெட்டிவந்த முறைதான் இது.

நான் யூடியூபில் பார்த்த மாதிரி மட்டமாகக் குழி எடுத்து மழைநீரை முழுக்க நிலத்துக்குள் இறக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "தண்ணிய நிறுத்தாத புள்ள, நடக்க விடு. ஓட விட்டா மண்ணத் தூக்கிட்டுப் போகும். நிறுத்தி வச்சா மலையே எறங்கி வந்திரும்" என்றார். அவர் சும்மா சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது எங்களிடமிருந்து தூரத்தில் நடந்ததல்ல. சமதரையான வறண்ட நாட்டுக்கு எழுதிய ஆலோசனையைச் செங்குத்துச் சரிவில் அப்படியே செய்தால் ஆபத்து. உங்கள் காணி மண்சரிவு அபாயப் பகுதியில் இருக்கிறதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்தில் பார்க்கலாம், கிராம சேவகரிடமும் விசாரிக்கலாம். ஆனால் எந்த இடத்தில் ஊற்று கிளம்பும், எந்தப் பாறைக்கடியில் மண் இளகும் என்பதை இந்த மாதிரிப் பெரியவர்கள்தான் சொல்வார்கள். உங்கள் கூட்டாளிப் பட்டியலில் முதல் பெயர் அறுபது வயதைத் தாண்டியவராக இருக்கட்டும்.

பக்கம் என்றால் எது

மலைநாட்டில் தூரத்தை வைத்துப் பக்கத்தைக் கணக்கிட முடியாது. பதுளை ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில் சுரங்கத்தைத் தாண்டினால் சில நாட்களில் வானமே வேறாக இருக்கும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை கொட்டும். அதே மாதங்களில் எங்களுக்குக் காய்ந்த காற்று. எங்கள் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. உயரமும் அப்படித்தான். நுவரெலியா 6,100 அடிக்கு மேலே, அங்கே ஜனவரியில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கு இலை கருகும். பதுளை டவுன் ஏறக்குறைய 2,200 அடி, அங்கே மிளகும் பாக்கும் நன்றாக வரும்.

அதனால் இரண்டு வகைக் கூட்டாளிகள் வேண்டும். எப்போது விதைப்பது, எந்தப் பூச்சி எந்த மாதம் வரும், எந்தச் செடி நிற்கும் என்று கேட்க, உங்கள் மழைப் பக்கத்தில், உங்கள் உயரத்தில் இருப்பவர். நடந்து போகும் தூரத்தில் இருந்தால் நல்லது. இரண்டாவது ஆள் எதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்கள் ஊரில் ஜூன், ஜூலையில் விதை காய வைக்க வெயில் கிடையாது, எங்களுக்குக் கூரைத் தகரத்தில் போட்டால் போதும். எங்கள் கார்த்திகை மழையில் விதை பூசணம் பிடித்துப் போனால், பெப்ரவரியில் அவர்களிடம் புது விதை இருக்கும். ஒரே ரகத்தை இரண்டு பக்கமும் வளர்த்தால் ஒரு பக்கம் அழிந்தாலும் மறு பக்கம் தப்பும். தலவாக்கலையில் எனக்குச் சித்தி முறையான ஒருவர் இருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் அவர் பையில் புடவையைவிட விதைப் போத்தல்தான் அதிகம். உங்களுக்கும் மலைக்கு அந்தப் பக்கம் சொந்தம் இருக்கும். முதலில் அவர்களைக் கேளுங்கள்.

பேச்சை எங்கே தொடங்குவது

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுப்பதற்குள் கெப்பெட்டிப்பொல, வெலிமடைப் பக்கத்து மரக்கறிக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்குப் பிறகு 'சேதனப் பசளை', 'இயற்கை விவசாயம்' என்று வாயெடுத்தாலே பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் சந்திப்பில் உங்கள் கொள்கையைப் பேசாதீர்கள். காட்டுப்பன்றியைப் பற்றிக் கேளுங்கள். மலையில் பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் தொல்லை கொடுக்காத காணி கிடையாது. அந்தப் பேச்சு தொடங்கினால் யாரும் வாசலிலேயே நிறுத்தி அனுப்ப மாட்டார்கள். (மின்கம்பத்திலிருந்து நேராக வேலிக்குக் கரண்ட் கொடுக்கிற யோசனை யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் மனிதர் உயிரே போய்விடும்.) உர விலை, கூலி, சந்தை விலை என்று பேச்சு தானாகவே ஓடும். மூடை உரத்தைப் பாதியாகக் குறைத்தவர் யார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். முழுக்க விட்டவரைத் தேடாதீர்கள். பாதி குறைத்தவர் போதும்.

இடங்கள் என்றால், பண்டாரவளை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெரிய குவியல் வைத்திருக்கிற வியாபாரிகளை விடுங்கள். ஓரத்தில் சாக்கை விரித்து நாலு கட்டு வல்லாரை, ஒரு கூடை மரத்தக்காளி, இரண்டு பூசணி, கொஞ்சம் கறிவேப்பிலை என்று கலந்து வைத்திருப்பவரிடம் போங்கள். ஒரே ஆளிடம் ஆறேழு வகைச் சாமான் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால், அவர் வீட்டுப் பின்புறம் கலப்புத் தோட்டம் என்று நம்பலாம். வாங்குங்கள். வாங்கிவிட்டு "இது எந்தப் பக்கத்துது?" என்று கேளுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு போனால் பேச நேரம் இருக்கும். காலையில் பேச்சுக் கொடுத்தால் வியாபாரம் கெடும், எரிச்சல்தான் மிஞ்சும்.

காலையில் பால் ஊற்றுகிற இடமும் நல்லது. மாடு வைத்திருப்பவருக்குச் சாணி மிச்சம், உங்களுக்குச் சாணி தேவை. மரணாதார சங்கமும் (சாவு வீட்டுக்கு உதவுகிற சங்கம்) கோயில் கமிட்டியும் மாதர் சங்கமும் ஏற்கனவே கூடிக்கொண்டிருக்கின்றன. தனியாக ஒரு கூட்டம் கூட்டுவதைவிட அங்கே கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு போத்தல் விதையோடு போய் நிற்பது சுலபம்.

விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்துக்கும் போங்கள். 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிந்த கமக்காரர் அமைப்புகளின் விவரம் அங்கே இருக்கும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் யார், எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்து ஆட்களுக்கு ஒரு தடங்கல் வரும். பெயர் பதியப் போனால் "காணி உறுதி எங்கே?" என்று கேட்பார்கள். லயத்துக்குப் பின்னால் இருப்பது கம்பனி நிலம், ஏழு பேர்ச்சுக்கும் பலரிடம் உறுதி கையில் இல்லை. எங்களை ஒரு அலுவலகத்தில் அந்தக் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பதியாவிட்டாலும் போதனாசிரியரின் வகுப்புகளுக்குப் போகலாம், ஆலோசனை கேட்கலாம். தனியாகப் போகாமல் நாலைந்து பெண்களாகப் போங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை. பயணமே வேண்டாம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் போன் செய்து பயிர்ச் சந்தேகம் கேட்கலாம்.

என்ன கொடுப்பது, என்ன வாங்கக்கூடாது

கையில் ஒன்றும் இல்லாமல் போய் அறிவுரை கேட்கிறவரை யாருக்கும் இரண்டாந்தடவை பிடிக்காது. போஞ்சி விதையோடு தொடங்குங்கள். போஞ்சி தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பதால், பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் அநேகமாகக் கலக்காது. நீங்கள் கொடுத்த விதை அடுத்த வருடமும் அதே காயைக் கொடுக்கும், உங்கள் பெயரும் கெடாது. தக்காளியும் ஏறக்குறைய அப்படித்தான். பூசணியும் சோளமும் அக்கம்பக்கத்து ரகத்தோடு கலந்துவிடும், அதைச் சொல்லிக் கொடுங்கள். மரவள்ளிக் கம்பு, வத்தாளைக் கொடி, கிளிரிசிடியாக் கம்பு, மண்ணைக் கழுவிய மானாப்புல் தூர் எல்லாம் காசில்லாத நல்ல பரிசு. விதையை நன்றாகக் காய வைத்து, சலித்த அடுப்புச் சாம்பலோடு போத்தலில் போட்டு, ரகம், மாதம், இடத்தின் உயரம் மூன்றையும் எழுதி ஒட்டிக் கொடுங்கள். உயரத்தை எழுத மறக்காதீர்கள்.

வேரும் மண்ணும் சேர்ந்த எதையும் வாங்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரி. விதை உருளைக்கிழங்கு, இஞ்சி, வாழைக் கன்று மூன்றையும் அன்பாகக் கொடுத்தாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுவேன். உருளையிலும் இஞ்சியிலும் பாக்டீரியா வாடல் வரும். ஒரு தடவை மண்ணில் ஏறினால் தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாவற்றையும் அது சாகடித்துவிடும். வாழைக் கன்றோடு முடிக்கொத்து வைரஸ் வரும். அந்த நோய் பிடித்த வாழையில் இலைகள் குறுகி, ஓரம் மஞ்சளாகி, உச்சியில் ஒரு கொத்தாக நெருங்கி நிற்கும்.

தக்காளிச் செடி இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தலை சாய்ந்தால், அடித்தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஏதாவது இழைந்து இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பக்கத்துக் காணிக்காரருக்கு இதை ஒருமுறை செய்து காட்டுங்கள். எந்தச் செலவுமில்லாத இந்த ஒரு வித்தைக்காகவே உங்களை அடுத்த தடவையும் கூப்பிடுவார்கள்.

தோட்டம் பார்க்கப் போகும்போது செருப்பும் முக்கியம். கோவா, நோக்கோல், முள்ளங்கி வேரை முண்டுமுண்டாக வீங்க வைக்கிற நோயின் வித்து மண்ணிலே பத்து வருடத்துக்கு மேலும் கிடக்கும். புளிப்பு மண்ணில் அதற்குக் கொண்டாட்டம், பழைய தேயிலைக் காணிகள் எல்லாமே புளிப்பு மண். வாசலில் ஒரு வாளித் தண்ணீர், சவர்க்காரத்தூள், தேங்காய்த் தும்பு. வருகிறவர் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வரட்டும், போகும்போதும் கழுவட்டும். விருந்தாளியைக் கழுவச் சொல்வது மரியாதைக் குறைவு என்று முதலில் நினைப்பார்கள். நீங்கள் முதலில் கழுவிக் காட்டினால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். புளிப்பை எடுக்க டொலமைட் சுண்ணாம்புத்தூள் வாங்குவதையும் சேர்ந்தே செய்யுங்கள். நாலு வீட்டுக்கு ஒரே லொறியில் இறக்கினால் கூலி நாலில் ஒரு பங்கு.

சிங்களக் கிராமத்தோடு

ஊவாவில் சிறுகாணிக்காரர்களில் பெரும்பாலோர் சிங்களவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் பக்கத்து ஆட்கள் என்று பேசவே முடியாது. பேச்சுச் சிங்களம் எங்களில் பலருக்கு வரும், அவர்களில் சிலருக்குத் தமிழும் வரும். எழுத்துதான் தடங்கல். அதனால் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவதே இல்லை. குரல் பதிவும் படமும் மட்டும்தான். நோய் பிடித்த இலையைப் படம் எடுத்து, "மே மொகத மாமே?" (இது என்ன மாமா?) என்று ஒரு வரி பேசி அனுப்பினால் போதும், பதில் வந்துவிடும். வெடிச்செய்தியும் கட்சிப் பேச்சும் அனுப்புகிறவரை ஒருமுறை சொல்லிப் பார்த்து, கேட்காவிட்டால் எடுத்துவிடுங்கள்.

அவர்களிடம் 'அத்தம்' என்று பழைய வழக்கம் இருக்கிறது. இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. கூலி கிடையாது. எங்கள் ஆட்களிடமும் கைமாத்து வேலை இருந்தது. கூட்டம் போட்டுப் பேசுவதைவிட இப்படி ஒரு நாள் ஒருவர் காணியில் சேர்ந்து வேலை செய்வதுதான் உறவைப் பிடித்து வைக்கும். கான் துப்புரவாக்குவது, வேலிக் கம்பு நடுவது, பசளைக் குவியல் போடுவது மாதிரி அரை நாளில் முடிகிற ஒரே வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் காணியை ஒரு சுற்று நடந்து பாருங்கள், உண்மையான பாடம் அப்போதுதான் நடக்கும். வீட்டுக்காரர் ரொட்டியும் கட்டச்சம்பலும் தேத்தண்ணியும் கொடுத்தால் போதும். கறிச்சோறு என்று தொடங்கினால் அடுத்தவருக்குக் கூப்பிடவே பயம் வரும்.

நாள் பார்ப்பதில் கவனம். தோட்டத்துக்கு ஞாயிறும் போயாவும் (பௌர்ணமியும்) லீவு. ஞாயிறு சந்தை, போயாவில் காலையில் கிராமத்து ஆட்கள் விகாரைக்குப் போவார்கள். ஆகவே போயா பின்னேரம் தோதாக வரும். மாதம் 10ஆம் திகதி சம்பளத்தை ஒட்டிய நாட்களைத் தொடாதீர்கள். சித்திரைப் புதுவருடம் இரு பக்கத்துக்கும் பொது, அந்த வாரம் முழுக்க விட்டுவிடுங்கள்.

கொஞ்சம் பெரிதானால்

ஏழெட்டுக் குடும்பம் ஒரு போகம் தாண்டியும் கூடவே இருந்தால் அடுத்த படி பார்க்கலாம். மிரஹவத்தைக்குப் பக்கத்தில் பெலிபொல என்ற இடம் இருக்கிறது. சூழலியலாளர் ரணில் சேனநாயக்கவும் அவரோடு இருந்தவர்களும் 1980களில் அங்கே சீரழிந்த நிலத்தில் மரம் வளர்க்கத் தொடங்கினார்கள். அந்த இடத்துக் காடு எப்படி அடுக்கடுக்காக இருக்குமோ, அதே அமைப்பில் பயன்தரும் மரம் செடிகளை வைப்பது அவர்கள் முறை. அனலொக் ஃபொரஸ்ட்ரி என்பார்கள். எங்கள் உயரத்தில் அப்படியும் செய்யலாம் என்று குழுவுக்கு நம்பிக்கை வர அந்த மாதிரி ஓர் இடத்தை நேரில் பார்ப்பது நல்லது. கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டமும் ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். பலா, பாக்கு, மிளகு, கோப்பி, கராம்பு என்று ஒரே காணியில் மாடி மாடியாக நிற்கும். ஆனால் அது தாழ்ந்த உயரத்துப் பாடம். கராம்பைக் கொண்டுவந்து ஹப்புத்தளைக் காற்றில் நட்டுவிட்டு அழாதீர்கள்.

இயற்கை முறை என்று சொல்லி விற்க விரும்புகிறவர்களுக்கு, ஏற்றுமதிச் சான்றிதழ் மாதிரிப் பெரிய செலவில்லாத ஒரு வழி உண்டு. பங்கேற்பு உத்தரவாத முறை என்பார்கள். குழுவில் உள்ளவர்களே ஒருவர் காணியை மற்றவர்கள் போய்ப் பார்த்து, எழுதி, கையெழுத்திட்டு உறுதி சொல்வது. அதில் மிகக் கஷ்டமான கேள்வி, மேல் காணிக்காரர் அடிக்கிற மருந்து காற்றில் உங்கள் பாத்திக்கு வருகிறதா என்பது. அதற்கு உயிர்வேலி வேண்டும், மேல் காணிக்காரரின் நட்பும் வேண்டும். அவரையும் முதல் நாளிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் மருந்தடிக்கிற நாளையாவது முன்கூட்டிச் சொல்வார்.

பெயர் வைப்பது, தலைவர் செயலாளர் தெரிவு, முத்திரை, பதிவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் தள்ளிப் போடுங்கள். முதல் வருடம் பணமே சேர்க்காதீர்கள். டொலமைட் மாதிரிச் சேர்ந்து வாங்கும்போது அன்றைக்கே பங்கு பிரித்து, அன்றைக்கே கணக்கை முடித்து, கடைச் சிட்டையைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுங்கள். ஒருவர் காசு கொடுக்கப் பிந்தினால் அவர் பங்கு மூடையை அடுத்த சம்பளம் வரை உங்கள் வீட்டில் வைத்திருங்கள். மழை படாமல் பலகைக்கு மேல் ஏற்றி வையுங்கள்.